எதை முதலில் வாங்குவது? புதிதாக மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்பவருக்கு

கேள்வி: இத்தனை ஆண்டுகளாகப் பேருந்திலும் ரயிலிலும் வேலைக்குச் சென்றுவந்த நான், உரிமம் பெற்று இப்போதுதான் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். அலுவலகம் ஒரு வழிக்கு 18 கிலோமீட்டர். பாதித் தூரம் நகர நெரிசல், மீதி வேகமாகச் செல்லக்கூடிய அகலச் சாலை. அலுவலகத்தில் முறையான உடையில் இருக்க வேண்டும். வண்டி பகலில் திறந்தவெளி நிறுத்தத்திலும் இரவில் வீட்டு வாசலில் தெருவோரமாகவும் நிற்கும். கையில் இருக்கும் பணத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க இயலாது. தலைக்கவசம், ஜாக்கெட், கையுறை, காலணி, பூட்டு ஆகியவற்றில் எதை முதலில் வாங்குவது? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கடைக்குப் போகும் முன்பு, எந்த விபத்தை எண்ணிக் கவசம் வாங்குகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். என்னிடம் பயிற்சிக்கு வரும் புதியவர்களில் பலர், கவசம் என்றாலே நெடுஞ்சாலையில் அதிவேகத்தில் நேரும் விபத்தை நினைத்துக்கொண்டு, "நான் ஊருக்குள் மெதுவாகத்தானே போகப்போகிறேன்" என்று தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். 1981இல் அமெரிக்காவில் வெளியான ஹர்ட் அறிக்கை, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்தது. அவற்றில் மோதும் நேரத்தில் வண்டியின் வேகம், நடுமதிப்பாக, மணிக்குச் சுமார் 35 கிலோமீட்டர்தான். ஏறத்தாழ நான்கில் மூன்று விபத்துகளில் இன்னொரு வாகனம், பெரும்பாலும் ஒரு கார், சம்பந்தப்பட்டிருந்தது. குறுகிய பயணங்களில், புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே நடந்தவையே அதிகம். ஆய்வு பழையதுதான், வண்டிகளும் பிரேக்குகளும் அதன்பின் வெகுவாக மாறிவிட்டன. ஆனால் சந்திப்பில் உங்களைக் கவனிக்காமல் குறுக்கே திரும்பும் கார் இன்றும் அதே கார்தான். ஆகவே, அடுத்த தெருவுக்குப் போகும்போதும் அலுத்துக்கொள்ளாமல் அணியக்கூடியது எதுவோ அதுவே உங்களுக்கு ஏற்ற கவசம். மிக உயர்ந்த தரத்தில் வாங்கி, புழுக்கம் தாங்காமல் அலமாரியில் தொங்கவிடுவதைவிட, ஒரு படி குறைந்ததை வாங்கி நாள்தோறும் அணிவது மேல் என்பதே என் உறுதியான கருத்து.

முதல் செலவு தலைக்கவசம். இதில் மாற்றுக் கருத்துக்கு இடமே இல்லை. 1935இல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று அறியப்பட்ட டி. இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலைக்காயத்தால் இறந்தபோது அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ், அதன்பின் இந்தக் காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 1941இல் எழுதிய கட்டுரைதான், தலைக்கவசம் உயிரைக் காக்கிறது என்பதை மருத்துவ உலகின் முன் ஆதாரத்தோடு வைத்த தொடக்ககால எழுத்துகளில் முக்கியமானது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் எதுவும் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். அதாவது சிக்னலில் நிற்கும் வண்டியோடு சாய்ந்து விழுந்தாலும் தலைக்கு அது சிறிய அடியல்ல. கவசத்தின் வெளி ஓடு அடியைப் பரப்புகிறது, உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரை நசுங்கி, தலை நின்றுபோவதற்கான நேரத்தைச் சிறிது நீட்டித்துக் கொடுக்கிறது. நசுங்கிய நுரை மறுபடி எழுவதில்லை. ஆகையால் ஒருமுறை பலமாக அடிவாங்கிய கவசத்தை, வெளியே ஒரு கீறல் மட்டுமே தெரிந்தாலும், மாற்றிவிட வேண்டும். அதே காரணத்தால் பிறர் பயன்படுத்தியதை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்க வேண்டாம்.

முகம் முழுவதும் மூடும் வகையையே வாங்குங்கள். ஜெர்மனியில் டீட்மார் ஒட்டே என்னும் விபத்து ஆய்வாளர் விபத்துக்குள்ளான கவசங்களை ஆராய்ந்தபோது, அடிபட்ட இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முகவாய்ப் பகுதியில் இருந்தது. வாய்ப்பகுதி திறந்த கவசம் அந்த மூன்றில் ஒரு பங்கை அப்படியே விட்டுவிடுகிறது. முத்திரையைப் பொறுத்தவரை, உங்கள் நாட்டுச் சட்டம் கேட்கும் சான்று இருப்பது அடிப்படை. அதற்கு மேலும் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் ஐரோப்பாவில் வழங்கும் தலைக்கவசத் தரமான ஈசிஇ 22.06 சான்று பெற்றதைத் தேடுங்கள். இதற்கு முந்தைய 22.05 ஒரே மோதல் வேகத்தில் சோதித்தது. புதியது அதைவிடக் குறைந்த வேகத்திலும் கூடிய வேகத்திலும் சோதிப்பதோடு, சாய்வாக மோதும்போது தலை சுழற்றப்படுவதையும் அளக்கிறது. முகவாய்ப் பகுதியைத் தூக்கிவிடக்கூடிய வகையை விரும்பினால், அந்தப் பகுதி பாதுகாப்புக்காகச் சோதிக்கப்பட்டதுதானா என்பதைக் கழுத்துப்பட்டையில் தைத்திருக்கும் துணிச்சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் முத்திரையைவிட அளவு முக்கியம். விற்பவர் கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவை ஏற்காதீர்கள். அளவுநாடாவைப் புருவத்துக்குச் சற்று மேலேயும் பின்தலையின் புடைப்பின் மேலாகவும் சுற்றி அளந்து, அந்த அளவில் இரண்டு மூன்று மாதிரிகளைப் போட்டுப் பாருங்கள். கன்னங்கள் லேசாக உள்ளே அமுங்க வேண்டும். கவசத்தை இரு கைகளாலும் பிடித்து இடமும் வலமும் திருப்பினால் நெற்றித் தோலும் கன்னத் தோலும் அதனுடனேயே நகர வேண்டும். தோல் அசையாமல் நிற்கக் கவசம் மட்டும் வழுக்கிச் சுற்றினால் அது உங்களுக்குப் பெரியது. பிறகு பட்டையை இறுக்கிப் பூட்டி, கூட இருப்பவரைப் பின்கழுத்து விளிம்பில் விரல்களை நுழைத்து மேலே தூக்கி முன்பக்கமாக உருட்டச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அதை வைத்துவிடுங்கள், ஏனென்றால் சாலையிலும் அது அப்படியே கழன்றுவிடும். தேர்ந்தெடுத்ததைக் கால் மணி நேரமாவது கடையிலேயே அணிந்திருங்கள். நெற்றியில் ஒரே புள்ளியில் வலி வந்தால் அளவைக் கூட்டாதீர்கள். உங்கள் தலையின் வடிவமும் கவசத்தின் உள்வடிவமும் பொருந்தவில்லை என்று பொருள், வேறு மாதிரியைத்தான் தேட வேண்டும்.

நீங்கள் மாலையில் திரும்புபவர் என்பதால் முகத்திரை கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கட்டும். கறுப்புத் திரை இருட்டியபின் ஆபத்து. மழையிலும் குளிரிலும் உள்ளே மூச்சு படிந்து மங்காதிருக்க, பின்லாக் எனப்படும் உள்தகடு பொருத்தக்கூடியதாகத் தேர்ந்தெடுங்கள். கவசத்தை வண்டியின் பக்கக் கண்ணாடிக் கம்பியில் மாட்டிவைக்கும் பழக்கம் உள்நுரையில் பள்ளம் உண்டாக்கும். பெட்ரோலும் தின்னரும் கவசத்தின் வெளி ஓடு, உள்நுரை இரண்டையும் கெடுக்கும். சோப்பு நீரும் மென்மையான துணியும் போதும்.

இரண்டாவதாகக் கையுறை வாங்கச் சொல்வேன், அதுவும் ஜாக்கெட்டுக்கு முன்பாகவே. விழும்போது கை தானாக முன்னே நீண்டு தரையைத் தாங்கப் பார்க்கும். எந்தப் பயிற்சியும் அந்த இயல்பை முழுதாக மாற்றுவதில்லை. உள்ளங்கையின் தோல் உரிந்தால் சில வாரங்களுக்குச் சட்டைப் பொத்தானைக்கூடப் பிறர்தான் போட்டுவிட வேண்டியிருக்கும். மணிக்கட்டை ஒட்டிய உள்ளங்கையின் அடிப்பகுதியில் வழுக்கும் தன்மையுள்ள கடினத் தகடு வைத்த கையுறையைத் தேடுங்கள். அந்த இடம் தார்ச்சாலையைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டால் உடல் எடை முழுவதும் மணிக்கட்டின் சிறு எலும்புகள் மேல் இறங்கும். தகடு வழுக்கிச் சென்றால் அந்த விசை பெருமளவு கழிந்துவிடும். மணிக்கட்டுப் பட்டையைப் பூட்டியபின் மறு கையால் விரல்நுனிகளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், கையுறை கழலக் கூடாது. ஐரோப்பியத் தரமான இஎன் 13594 முத்திரையும், விரல்முட்டிகளுக்குத் தனிக் காப்பு இருப்பதைக் குறிக்கும் கேபி எழுத்துகளும் இருந்தால் நல்லது.

காலுக்கு, கணுக்காலை முழுதாக மூடும் காலணியே குறைந்தபட்சத் தேவை. ஆஸ்திரேலியாவில் லிஸ் டி ரோம் குழுவினர் விபத்துக்குள்ளான 212 பேரை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், பைக்குக்கென்று செய்யப்படாத சாதாரண பூட்ஸ்கூட, ஷூவோடு ஒப்பிட்டால், பாதக் காயங்களை வெகுவாகக் குறைத்திருந்தது. பணம் குறைவாக இருக்கும்போது இது பெரிய ஆறுதல். கட்டுறுதியான பணியிடப் பூட்ஸ் ஒன்று வீட்டில் இருந்தால் அதையே இப்போதைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். காலணியின் இரு பக்கங்களையும் நடுப்பகுதியில் பிடித்து உள்நோக்கி அமுக்கிப் பாருங்கள், எளிதில் மடிந்தால் வண்டியின் எடை மேலே விழும்போது பாதமும் அப்படியே நசுங்கும். கயிறு உள்ள காலணியானால் முடிச்சின் மிச்சத்தை உள்ளே செருகிவிடுங்கள். கியர் லீவரில் கயிறு மாட்டி, சிக்னலில் காலை ஊன்ற முடியாமல் விழுந்தவர்கள் உண்டு. அலுவலக ஷூ ஒரு ஜோடியை மேசைக்கு அடியிலேயே வைத்துவிடலாம்.

அடுத்தது ஜாக்கெட்டும் கால்சட்டையும். மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்து சறுக்கினால், காய்ந்த சாலையில் நிற்பதற்குள் பத்து மீட்டருக்கு மேல் உடல் உராய்ந்து செல்லும். அதற்கு இரண்டு நொடி அளவு ஆகும். சாதாரணப் பருத்தி ஜீன்ஸ் இத்தகைய உராய்வை ஒரு நொடி தாங்கினாலே அதிகம். இஎன் 17092 என்னும் ஐரோப்பியத் தரம் உடைகளை ஏஏஏ, ஏஏ, ஏ என்று வகுக்கிறது. சறுக்கலில் முதலில் தரையில் படும் இடங்களுக்கான சோதனை வேகங்கள் இவற்றில் முறையே மணிக்கு ஏறத்தாழ 120, 70, 45 கிலோமீட்டர். பயணத்தில் பாதி வேகச் சாலை என்கிறீர்கள், எனவே ஏஏ வகுப்பே உங்களுக்குப் பொருத்தம் என்பேன். ஏஏஏ பெரும்பாலும் கனத்த தோல் உடை. அதில் ஏறி அமர்ந்து நெரிசலில் ஊர்ந்தால் அரை மணியில் களைத்துவிடுவீர்கள், களைப்பும் நீரிழப்பும் கவனத்தைக் குலைக்கும். புழுக்கமான பருவத்துக்கு, உராய்வு படும் தோள், முழங்கை, முதுகுப் பகுதிகளில் கெட்டித் துணியும், நெஞ்சிலும் கையின் உட்பக்கத்திலும் காற்று புகும் வலைத்துணியும் வைத்துத் தைத்த மெஷ் ஜாக்கெட் வாங்குங்கள்.

இங்கே தையலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கடையில் இதை யாரும் காட்டுவதில்லை. விழுந்தபின் எடுத்துவரப்படும் ஜாக்கெட்டுகளைப் பார்க்கும்போது, முழங்கைத் துணி நன்றாகவே இருக்க, அதை ஒட்டிய தையல்தான் பிரிந்து வாய் பிளந்திருக்கும். அல்லது உள்ளே இருந்த காப்புப் பேட் அரை வட்டம் சுழன்று முழங்கையின் உட்பக்கம் போயிருக்கும். நான் மேலே சொன்ன ஆஸ்திரேலிய ஆய்விலும், அணிந்திருந்த ஜாக்கெட், கையுறை, கால்சட்டை ஒவ்வொன்றிலும் நான்கில் ஒன்றுக்கு மேல் விபத்தில் கிழிந்தோ தையல் பிரிந்தோ பயனிழந்திருந்தன. ஆகவே தோள், முழங்கைத் தையல்களை இரு கைகளாலும் இழுத்துப் பாருங்கள். தையல் இரண்டு மூன்று வரிசையாக இருக்க வேண்டும், இழுக்கும்போது நூலிடையே வெளிச்சம் தெரியக் கூடாது. ஜாக்கெட்டைப் போட்டு, ஓட்டும் நிலையில் கைகளை நீட்டி, மறு கையால் முழங்கைப் பேடைப் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். எலும்பை விட்டு நகர்ந்தால் கைப்பட்டையை இறுக்குங்கள், அப்போதும் நகர்ந்தால் சிறிய அளவை எடுங்கள். பேடில் இஎன் 1621 என்றும் அதனோடு 1 அல்லது 2 என்றும் இருக்கும். இரண்டாம் நிலை, அடியின் விசையைக் கூடுதலாகக் குறைத்து உடலுக்கு அனுப்புகிறது. முதுகுக் காப்புக்கான உள்பையில் மட்டும் பல ஜாக்கெட்டுகளில் வெறும் மென்நுரைத் தகட்டைச் செருகிவிட்டிருப்பார்கள். அதை வெளியே எடுத்துப் பார்த்து, எந்த எண்ணும் இல்லையென்றால் சான்று பெற்ற முதுகுக் காப்பை வாங்கி மாற்றுங்கள்.

கால்சட்டையைத் தள்ளிப்போடுவதே எல்லோரும் செய்வது. அது எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் மோட்டார் சைக்கிள் விபத்துகளில் மிக அடிக்கடி காயப்படுவது கால்தான். உங்கள் அலுவலக உடைச் சிக்கலுக்கு எளிய வழி, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை பக்கவாட்டில் ஜிப் முழுவதும் திறக்கும் மேற்கால்சட்டை. அலுவலகப் பேன்ட்டின் மேலேயே போட்டு, வாகன நிறுத்தத்தில் நின்றபடியே, பூட்ஸைக் கழற்றாமல் அவிழ்த்துவிடலாம். அமர்ந்த நிலையில் முழங்காலுக்கு நேராகப் பேட் நிற்கிறதா என்று பாருங்கள், கடையில் நிற்கும்போது சரியாக இருப்பது வண்டியில் உட்கார்ந்ததும் தொடைக்கு ஏறிவிடும். மழைக்கு, எல்லாவற்றுக்கும் மேலே போடும் தனி மழையுடை போதும். நீர்புகாத விலையுயர்ந்த ஜாக்கெட்டுக்கு இப்போது பணத்தைக் கரைக்க வேண்டாம்.

நிறத்தையும் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தில் நடத்தப்பட்டு 2004இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வில், ஒளிரும் அல்லது ஒளியைத் திருப்பும் உடை அணிந்தவர்களுக்குக் காயம் விளைவிக்கும் விபத்தின் அபாயம் 37 சதவீதம் குறைவாகவும், கறுப்புக் கவசத்தோடு ஒப்பிட்டால் வெள்ளைக் கவசம் அணிந்தவர்களுக்கு 24 சதவீதம் குறைவாகவும் இருந்தது. பளிச்சென்ற மஞ்சள் பகலிலும் அந்தி வெளிச்சத்திலும்தான் உதவும். இருட்டில் வேலை செய்வது, விளக்கொளியை வந்த திசைக்கே திருப்பும் வெள்ளிநிறப் பட்டைகள். இரண்டும் சேர்ந்த மெல்லிய மேலங்கி மலிவானது. முதுகில் பை மாட்டினால் ஜாக்கெட்டில் இருக்கும் பட்டைகள் மறைந்துவிடும் என்பதால் பையிலும் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இனி பூட்டு. உடைக்கவே முடியாத பூட்டு எது என்று தேடாதீர்கள், பேட்டரியில் ஓடும், இரும்பை அறுக்கும் கிரைண்டர் முன் எல்லாப் பூட்டும் நேரக்கணக்குதான். திருடுபவருக்குக் கூடுதல் நேரமும் சத்தமும் கருவியும் தேவைப்படும்படி செய்வதே பூட்டின் வேலை. ஹேண்டில் பூட்டை மட்டும் நம்பக் கூடாது; பலமாகத் திருகினால் அது முறிந்துவிடும், இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் வண்டியைப் பூட்டோடு தூக்கி வேனில் ஏற்றிவிடுவார்கள். தூக்கிச் செல்வதைத் தடுப்பது, அசையாத ஒன்றோடு வண்டியைப் பிணைக்கும் சங்கிலிதான். கையால் இயக்கும் கம்பி வெட்டிக்கு அடங்காத 16 மில்லிமீட்டர் கனமுள்ள, கடினமாக்கப்பட்ட எஃகுச் சங்கிலியை இரவு நேரத்துக்காக வீட்டிலேயே வைத்திருங்கள். சுவரிலோ தரையிலோ கான்கிரீட்டில் பதித்த வளையம் போட முடிந்தால் போடுங்கள், கம்பத்தில் கட்டுவதானால் சங்கிலியை மேலே உருவி எடுக்க முடியாத கம்பமா என்று பாருங்கள். சங்கிலியைப் பின்சக்கரத்தின் வழியாகவும் சட்டகத்தின் வழியாகவும் விடுங்கள். முன்சக்கரத்தில் மட்டும் கட்டினால் சக்கரத்தைக் கழற்றி விட்டுவிட்டு வண்டியைக் கொண்டுபோவார்கள். சங்கிலி தரையில் கிடக்கும்படி தொய்வாகவும் விடாதீர்கள். தரையில் கிடக்கும் கண்ணியைச் சுத்தியலால் அடிக்கவும், வெட்டியின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி முழு எடையையும் கொடுத்து அழுத்தவும் வசதியாகிவிடும். பூட்டின் சாவித்துளை கீழ்நோக்கி இருக்கட்டும்.

பகலுக்கு, முன்சக்கரத்தின் பிரேக் தட்டில் மாட்டும், அலாரம் உள்ள டிஸ்க் பூட்டு ஒன்றை வண்டியிலேயே எடுத்துச் செல்லுங்கள். அதோடு வரும் வண்ணக் கயிற்றைப் பூட்டிலிருந்து ஹேண்டில் வரை மறக்காமல் மாட்டுங்கள், பூட்டு இருப்பதை மறந்து வண்டியை நகர்த்தினால் ஓர் அடிக்குள் முன்சக்கரம் நின்று வண்டி சாயும், பிரேக் காலிப்பரும் உடையலாம். அலுவலகம் அனுமதித்தால் இரண்டாவது சங்கிலியை அங்கேயே நிறுத்துமிடக் கம்பியில் விட்டுவைக்கலாம். எந்தச் சங்கிலியையும் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டோ முதுகுப் பையில் வைத்துக்கொண்டோ ஓட்டாதீர்கள். விழுந்தால் முதுகெலும்புக்கும் சாலைக்கும் நடுவே இருப்பது அந்த இரும்புதான். பூட்டின் தரத்தை அறிய, பிரிட்டனின் சோல்ட் செக்யூர், நெதர்லாந்தின் ஏஆர்டி ஆகிய சோதனை அமைப்புகளின் முத்திரைகள் நம்பகமானவை. வாங்கும் முன் உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தையும் படித்துவிடுங்கள். குறிப்பிட்ட தரத்தில் பூட்டு இருந்தால்தான் திருட்டுக்கு இழப்பீடு என்று நிபந்தனை இருந்தால், பூட்டின் ரசீதும் படமும் உங்களிடம் இருக்க வேண்டும்.

வண்டியை மூடும் சாதாரண உறை, எந்த மாதிரி என்று போகிறபோக்கில் நோட்டம் பார்ப்பவரிடமிருந்து மறைக்கும்; அந்த அளவில் அது பணத்துக்கு மதிப்பானது. வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கரை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம். பொருள்களைத் தேடுவதற்கான சின்ன புளூடூத் வில்லைகள் பல, 'உங்களுக்குச் சொந்தமில்லாத வில்லை ஒன்று உங்களோடு நகர்கிறது' என்று வண்டியை எடுத்துச் செல்பவரின் போனுக்கே எச்சரிக்கை அனுப்பிவிடும். அவற்றை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

பணத்தைப் பிரிக்கும் முறையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் தலைக்கவசம், கையுறை, ஒளிரும் மேலங்கி, வீட்டுச் சங்கிலி. காலுக்கு வீட்டிலிருக்கும் கெட்டியான பூட்ஸ். அடுத்ததாக ஜாக்கெட்டும் மேற்கால்சட்டையும். இந்த இரண்டும் வரும்வரை, முடிந்தால் வேகச் சாலையைத் தவிர்த்து உள்வழிகளில் சென்று, கூடுதல் நேரத்துக்காகச் சற்று முன்னதாகவே புறப்படுங்கள். டிஸ்க் பூட்டும் பைக்குக்கென்றே செய்த பூட்ஸும் அதற்குப் பிறகு வரலாம். செலவே இல்லாத ஒரு வேலையை இன்று மாலையே முடித்துவிடுங்கள்: சேசிஸ் எண், எஞ்சின் எண், சாவியில் பொறித்த எண், வண்டியில் உள்ள தனி அடையாளங்கள் ஆகியவற்றைப் படமெடுத்து வீட்டில் ஒருவரிடமும் கொடுத்துவையுங்கள், மாற்றுச் சாவியை வண்டிச் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்து வைக்காதீர்கள்.